நிமிடத்துக்குப் பதினாறு துளி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிரசவ அறையில் இருபத்து மூன்று வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு வாய் நீளாவிட்டால்தான் அதிசயம். முக்கச் சொன்னால் கத்துகிறவளை அதட்ட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குகிறவளைக் கெஞ்ச வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டுகிற சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால் பரவாயில்லை. என் வாயால் கெட இருந்தது இன்னும் பிறக்காத ஒரு குழந்தை.

அன்று ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர். என் வீடும் ஸ்ரீரங்கம்தான். காலை ஆறு மணிக்கே பஸ் இல்லை. ஜில்லா முழுக்க உள்ளே வந்துகொண்டிருக்க, நான் ஒருத்தி எதிர்த்திசையில் நடந்து, காவிரிப் பாலத்தையும் நடந்தே தாண்டி, உறையூர் பக்கம் உள்ள எங்கள் நர்ஸிங் ஹோமுக்கு வந்து சேர்ந்தபோது காலும் எரிந்தது, மனசும் எரிந்தது. கூட வேலை பார்க்கிற நர்ஸ் தேருக்கு லீவு போட்டிருந்தாள். நானும் ஆயாம்மாவும் மட்டும். மருந்துத் துளியைத் தானே எண்ணிச் செலுத்துகிற மிஷின் ஒன்று எங்களிடம் உண்டு. அது ரிப்பேருக்குப் போய் ஒரு வாரமாகியிருந்தது.

பிரசவ அறையில் ஒரே ஒரு பெண். இருபத்து நாலு வயசு, தலைப்பிரசவம். மணப்பாறைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். புருஷனுக்கு ஃபேக்டரியில் வேலை, காட்டூரில் வாடகை வீடு. முந்தின நாள் சாயங்காலம் பனிக்குடம் உடைந்து வந்து சேர்ந்தவளுக்கு வலி சரியாகக் கூடி வரவில்லை. அதனால் விடியற்காலையில் வலி வருவதற்கான மருந்தை டாக்டர் குளுகோஸ் பாட்டிலில் கலந்து ஏற்றச் சொல்லியிருந்தார். அந்த மருந்துக்குப் பெயர் ஆக்ஸிடோசின். எட்டுத் துளியில் ஆரம்பித்து, பார்த்துப் பார்த்து, ஒன்பதரை மணிக்கு நிமிடத்துக்குப் பதினாறு துளிக்கு வந்திருந்தோம்.

டாக்டரம்மா வீடும் ஸ்ரீரங்கத்தில்தான். இரவு முழுக்க இங்கேயே இருந்தவர், குளித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பும்போது என்னிடம் சொன்னதை அறையில் இருந்த எல்லாரும் கேட்டார்கள். பதினாறுக்கு மேல் கூட்ட வேண்டாம், வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன், பன்னிரண்டு மணிக்குள் முன்னேற்றம் இல்லையென்றால் ஆபரேஷன்தான்.

அந்தக் கடைசி வார்த்தை அந்தப் பெண்ணின் அம்மா முகத்தில் போய் விழுந்ததை நான் பார்த்தேன். மெலிந்த, வேகமான உடம்பு. நாலு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். மூத்த மகளுக்கு ஆபரேஷன் செய்து குழந்தை எடுத்த இடத்தில் சீழ் வைத்து மூன்று மாசம் படுக்கையில் கிடந்தாளாம். அதை என்னிடம் காலையிலிருந்து இரண்டு முறை சொல்லியிருந்தார். நான் இரண்டு முறையும் சரியாகக் கேட்கவில்லை.

பத்தேகால் மணி இருக்கும். பாட்டிலுக்குக் கீழே இருக்கிற கண்ணாடிக் குழலில் விழும் துளிகளை, கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வந்து நின்று, இது என்ன மருந்து என்று கேட்டார். எண்ணிக்கை தவறிவிட்டது. எனக்குச் சுள்ளென்று வந்தது.

"உங்க ஊர்ல பால் இறங்க மாட்டுக்குப் போடுவாங்களே, அதே ஊசிதாம்மா இது. பயப்படாம போய் உக்காருங்க."

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கன்று செத்துப்போன மாடு பாலை அடக்கிக்கொண்டால், சிலர் இந்த மருந்தைத்தான் திருட்டுத்தனமாக வாங்கிப் போடுகிறார்கள். லேபிள் இல்லாத பாட்டிலில் வரும். போடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. போட்ட இரண்டாவது நிமிஷம் மடி இறங்கிவிடும். ஆனால் நான் சொன்ன தொனியில் கிண்டல் இருந்தது. அந்த அம்மாவுக்குக் கிண்டல் போய்ச் சேரவில்லை. மருந்து பழக்கமான மருந்து என்பது மட்டும் போய்ச் சேர்ந்தது. அட, அதுதானா என்று முகம் தெளிந்து போய் உட்கார்ந்தார்.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. ரெண்டே நிமிஷம் பிடித்திருக்கும்.

இந்த மருந்து வெளியிலிருந்து வந்த ஒன்றே இல்லை. மூளையின் அடியில், பட்டாணி அளவு சுரப்பி ஒன்றிலிருந்து எல்லாத் தாய்க்கும் தானாக ஊறி வருவதுதான். குழந்தையின் தலை கீழே அழுத்த அழுத்த, மூளைக்குச் செய்தி போகும். மூளை கொஞ்சம் விடும். கர்ப்பப்பை இறுகும். இறுகினால் தலை இன்னும் அழுத்தும், மூளை இன்னும் கொஞ்சம் விடும். இப்படி ஒன்றையொன்று தூண்டித் தூண்டி, குழந்தை வெளியே வந்த பிறகுதான் ஓயும். அது தானாக நடக்காதபோது நாங்கள் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறோம். சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. கர்ப்பப்பை இறுகும்போது குழந்தைக்குப் போகிற ரத்தம் தடைபடுகிறது. தளரும்போதுதான் மறுபடி போகிறது. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒன்றிரண்டு நிமிஷம்தான் குழந்தை மூச்சு வாங்குகிற நேரம். மருந்து கூடினால் வலி மட்டும் கூடாது, அந்த இடைவெளி இல்லாமல் போய்விடும். மாட்டின் மடியில் குழந்தை இல்லை. அதை அவருக்கு யார் சொல்வது? நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பத்தரைக்கு ஆயாம்மா ஓடி வந்தாள். கீழே ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் போவதாக ஆட்டோவில் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றாள். ஐந்து நிமிஷத்தில் வந்துவிடலாம் என்று போனேன். அவளைப் படுக்க வைத்து, பிரஷர் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப எழுதிக் கொடுத்து மேலே வரப் பன்னிரண்டு நிமிஷம் ஆகிவிட்டது.

மாடிப்படியிலேயே தெரிந்துவிட்டது. பிரசவ அறைச் சத்தத்துக்கு ஒரு தாளம் உண்டு. வலி வரும்போது ஏறும், விடும்போது இறங்கும். இந்தச் சத்தம் இறங்கவே இல்லை. உள்ளே போய் வயிற்றில் கை வைத்தேன். பலகை மாதிரி இருந்தது. கையை எடுக்காமல் நின்றேன். தளரும், தளரும் என்று பார்த்தேன். தளரவில்லை. குழந்தையின் துடிப்பைக் கேட்கிற கருவியை வைத்தேன். நூற்று நாற்பதில் குதிரை ஓட்டமாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம், நடை தளர்ந்த கிழவர் மாதிரி டொக், டொக் என்றது. எண்ணினேன். எழுபத்தெட்டு.

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக் குழலில் துளியே இல்லை. கம்பியாக ஓடிக்கொண்டிருந்தது. துளியைக் கூட்டவும் குறைக்கவும் ட்யூபில் இருக்கும் சின்னச் சக்கரத்தை யாரோ மேலே கடைசிவரை உருட்டிவிட்டிருந்தார்கள்.

சக்கரத்தை மூடினேன். ட்யூபைக் கழற்றினேன். பெண்ணை இடது பக்கமாகத் திருப்பி, முகத்தில் ஆக்ஸிஜன் வைத்து, மருந்து கலக்காத வேறு பாட்டிலை வேகமாக ஓட விட்டேன். கை தன் வேலையைச் செய்தது. வாயும் தன் வேலையைச் செய்தது.

"யாரு இதத் தொட்டது? புள்ளையக் கொல்லத்தான் வந்தீங்களா?"

என் சத்தம் கேட்டு வாசலில் இருந்த மருமகன் உள்ளே வந்துவிட்டார். ஆயாம்மாவும் வந்து நின்றாள். அந்த அம்மா சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்.

"நாந்தாங்க," என்றார்.

அவ்வளவுதான். ஒரு காரணமும் சொல்லவில்லை. கொலைகாரி என்று நான் அவரை மருமகன் முன்னால் சொன்னேன். சொல்லிக்கொண்டே டாக்டருக்கு போன் போட்டேன்.

டாக்டர் காவிரிப் பாலத்தில் இருந்தார். கார் நகரவில்லை. போனில் ஹார்ன் சத்தமும் தேருக்குப் போகிறவர்களின் 'ரங்கா, ரங்கா'வும் கேட்டன. வயிறு விடவில்லை, துடிப்பு எழுபத்தெட்டு என்று சொன்னேன். எத்தனை துளி ஓடுகிறது என்று கேட்டார்.

கேஸ் ஷீட் என் முன்னால் இருந்தது. பத்தேகால் மணிக் கட்டத்தில் என் கையெழுத்து.

"பதினாறுன்னு எழுதியிருக்கு டாக்டர்," என்றேன்.

வாக்கியத்தைப் பாருங்கள். பொய் இல்லை. எழுதியிருந்தது உண்மைதான். என் பயம் அப்படி வாக்கியம் அமைத்தது. துளி மருந்து ஓடுகிற பெண்ணை விட்டு நகரக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் பாடம். நகர்ந்தவள் நான். வேலை போகும் என்று பயந்தேன். அதில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

டாக்டர் உடனே முடிவெடுத்தார். பதினாறு துளிக்கே இப்படி என்றால் உள்ளே வேறு ஏதோ நடந்திருக்கிறது, நஞ்சுக்கொடி பிரிந்திருக்கலாம், காத்திருக்க முடியாது, தியேட்டரைத் தயார் பண்ணுங்கள், பக்கத்தில் உள்ள வேறு சர்ஜனைக் கூப்பிடுகிறேன் என்றார். போனை வைக்கப் போனார். அவரால் எதையும் பார்க்க முடியாது. நான் சொல்வதுதான் அவருக்குக் கண். நான் அந்தக் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டேன். மருந்து கூடியதால் வந்த இறுக்கம் என்றால் நிறுத்தினால் தளர வழி உண்டு. அதைச் சொல்லாமல் ஒரு பெண்ணை அவசரமாகக் கத்திக்குக் கீழே கொண்டுபோகப் பார்க்கிறேன்.

"டாக்டர், இருங்க. பதினாறு இல்ல. ட்ரிப் முழுசாத் திறந்து ஓடியிருக்கு. நான் ரூம்ல இல்ல."



டாக்டர் என்னைத் திட்டவில்லை. எப்போது நிறுத்தினேன் என்று கேட்டார். கர்ப்பப்பையைத் தளர்த்துகிற ஊசி ஒன்றைப் போடச் சொன்னார். தியேட்டர் தயாராகட்டும், ஆனால் ஐந்து நிமிஷம் பாருங்கள், ஒவ்வொரு நிமிஷமும் எண்ணிச் சொல்லுங்கள், போனை வைக்காதீர்கள் என்றார். இந்த மருந்துக்கு ரத்தத்தில் ஆயுசு சில நிமிஷம்தான். உடம்பு அதைச் சீக்கிரம் கரைத்துவிடும். கரைகிறவரை குழந்தை தாங்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

முதல் நிமிஷம் எழுபத்திரண்டு. ஊசி போட்டேன். இரண்டாவது நிமிஷம் அறுபத்தெட்டு. பெண்ணுக்குக் கத்தவும் தெம்பில்லை, கட்டில் கம்பியைப் பிடித்த கை வெளுத்திருந்தது. மூன்றாவது நிமிஷமும் அறுபத்தெட்டு. மருமகன் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். நான்காவது நிமிஷம் என் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ இளகியது. ஆசையில் தோன்றுகிறதோ என்று அழுத்திப் பார்த்தேன். இல்லை, இளகியது. எண்பது. அடுத்தது தொண்ணூற்றாறு. பிறகு நூற்றுப் பதினெட்டு. சொன்னேன். டாக்டர் "ம்" என்றார். காரை டிரைவரிடம் விட்டுவிட்டு அவர் அப்போதே இறங்கி நடக்க ஆரம்பித்திருந்தார். மூச்சிரைப்பு போனில் கேட்டது.

அவர் வந்து சேர்ந்தபோது துடிப்பு நூற்று முப்பதில் நின்றிருந்தது. கை விட்டுப் பார்த்தார். கர்ப்பப்பை வாய் முழுக்கத் திறந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம், இப்படியே வரட்டும் என்றார். அதற்கப்புறம் அரை மணி நேரம், ஒவ்வொரு வலிக்கும் துடிப்பு இறங்கி ஏறுவதை எண்ணிக்கொண்டே அந்தப் பெண்ணை முக்க வைத்தோம். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது பெண் குழந்தை பிறந்தது. நீலமாக, துவண்டு. முதுகைத் தேய்த்தேன். பாதத்தைச் சுண்டினேன். நான் வேண்டாத தெய்வம் இல்லை. கால் நிமிஷம் கழித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு அழுதது. எரிச்சலான அழுகை. அந்த எரிச்சல் எனக்கு அத்தனை இனித்தது.

அதோடு முடியவில்லை. அத்தனை நேரம் இறுகிக் கிடந்த கர்ப்பப்பை, நஞ்சு வந்த பிறகு இறுக வேண்டிய நேரத்தில் இறுக மறுத்தது. ரத்தம் நிற்காமல் வந்தது. நஞ்சு பிரிந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய் திறந்து கிடக்கும். கர்ப்பப்பை சுருங்கினால்தான் அவை மூடும். சுருங்க வைக்க முதலில் கொடுக்க வேண்டியது அதே ஆக்ஸிடோசின். தொடையில் ஒரு ஊசி போட்டோம். பாட்டிலில் கலந்து ட்யூபை மாட்டினேன். டாக்டர் வயிற்றைப் பிசைந்துகொண்டே வேகமாக விடுங்கள் என்றார். சக்கரத்தில் கை வைத்தேன். என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. மாடு கறந்து கறந்து இறுகிப்போன விரல்கள்.

"வேணாங்க. அதத் தொறக்காதீங்க."

அந்த அம்மாதான் பிடித்திருந்தார். என் வாயைக் கட்டிப்போட்டுப் பேசினேன். குழந்தை உள்ளே இருக்கும்போதுதான் அது கூடினால் ஆபத்து, இப்போது குழந்தை வெளியே வந்துவிட்டது, வயிறு இறுகினால்தான் உங்கள் மகளுக்கு ரத்தம் நிற்கும், டாக்டர் பக்கத்தில் இருக்கிறார். இவ்வளவுதான் சொன்னேன். கையை விட்டுவிட்டார். ஒரே தடவையில் புரிந்துகொண்டார். காலையிலும் புரிந்துகொண்டிருப்பார்.

பத்து நிமிஷத்தில் வயிறு கல்லானது. ரத்தம் அடங்கியது.

மாலையில் டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். படிக்காதவர்களுக்கு அந்தச் சக்கரத்தைத் தொட எப்படித் தைரியம் வந்தது என்று கேட்டார். மாட்டு ஊசி என்று நான் சொன்னதைச் சொன்னேன். அந்த அம்மா அதை டாக்டரிடம் சொல்லிவிடுவாரோ என்று மத்தியானம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். அவர் சொல்லவே இல்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி கேஸ் ஷீட்டில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

மறுநாள் வேறு கஷ்டம். பால் வரவில்லை. குழந்தை வாய் வைத்ததும் சப்பச் சப்ப மூளை அதே சுரப்பை விடும், அதுதான் பாலைக் காம்புக்குத் தள்ளும். ஆனால் பயந்த உடம்பு அதை விடாது. அந்தப் பெண் கதவு சாத்துகிற சத்தத்துக்கெல்லாம் திடுக்கிட்டாள். நான் போய் மார்பைப் பிடித்து, குழந்தையை அழுத்தி, இப்படி வை, அப்படி வை என்று பாடம் நடத்தினேன். குழந்தை அழுதது. அவளும் அழுதாள்.

ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்று சும்மாவா சொன்னார்கள். நான் களைத்து வெளியே வந்த பிறகு அந்த அம்மா உள்ளே போனார். கதவிடுக்கில் பார்த்தேன். மகளுக்குப் பின்னால் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவள் முதுகைத் தன் மார்பில் சாய்த்து, தலையை மெதுவாகக் கோதிவிட்டுக்கொண்டிருந்தார். பேச்சே இல்லை. குழந்தையைத் துணி இல்லாமல் மகளின் நெஞ்சில் கிடத்தியிருந்தார். கால் மணி நேரத்தில் மகள் கண் சொருகியது. குழந்தை தானே தலையை அசைத்து அசைத்துத் தேடிப் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் அவள் முகம் சுளித்து, அடிவயிறு இழுக்குதும்மா என்றாள். வேலை நடக்கிறது என்று அர்த்தம். பாலைத் தள்ளுகிற அதே சுரப்புதான் கர்ப்பப்பையையும் சுருக்குகிறது. குழந்தையின் கடைவாயில் பால் தெரிந்தது.

மருமகன் மட்டும் மாமியாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டுக் கூடையை அவர் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டுப் போவார். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, பிரசவத்தில் போட்ட தையலைப் பார்க்கப் போன என் கையை அந்தப் பெண் பிடித்தாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"சிஸ்டர், அம்மாவா செய்யல. நாந்தான் கூட்டச் சொன்னேன். சீக்கிரம் முடிஞ்சிருமேன்னு அம்மா கால்ல விழாத குறையா அழுதேன். அவங்க மாட்டேன், மாட்டேன்னுதான் சொன்னாங்க."

நான் கீழே இறங்கி ஓடினேன். ஆட்டோவில் பையை ஏற்றிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. மருமகன் பில்லை வாங்க உள்ளே போயிருந்தார். ஆயாம்மாவும் இல்லை. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை, நான் கண்டபடி பேசிவிட்டேனே என்றேன். அவர் பையை ஓரமாக நகர்த்திவைத்தார்.

"வலியில இருக்கிறவ என்ன வேணாலும் கேப்பாங்க. குடுக்கிறதும் குடுக்காததும் என் கையிலதான இருந்துச்சு. மாப்பிள்ளைக்குத் தெரிய வேணாம். அவ வாழப்போறவ."

மன்னிச்சிடுங்கம்மா என்றேன். அதற்கென்ன என்பதுபோல் தலையசைத்தார். மகளும் குழந்தையும் வந்தார்கள், பின்னால் மருமகன் வந்தார். மாமியாரைப் பார்க்காமல் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஒரு வார்த்தை, என் பங்குக்கு ஒரே ஒரு வார்த்தை, அவரிடம் சொல்லியிருக்கலாம். நீண்ட வாய் அப்போது திறக்கவில்லை. ஆட்டோ போய்விட்டது. எல்லார் முன்னாலும் கொலைகாரி என்று சொன்ன நான், மன்னிப்பை மட்டும் யாரும் இல்லாத இடத்தில் கேட்டுவிட்டு வந்தேன்.